அசைபோட வேண்டிய வார்த்தை

"வயிற்றுக்குக் கஞ்சி இல்லாத இடத்தில் தியானம் எதற்கு?" என்று இடம்பெயர்ந்த எமது மக்கள் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. வயலை விட்டு, வளர்த்த மாட்டை அவிழ்த்து விட்டு, கையில் அகப்பட்டதோடு நடந்தவர்களிடம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். நிவாரணமும் விதைநெல்லும் காணியும் கேட்பவனுக்கு அவற்றுக்குப் பதிலாகச் செபத்தைக் கொடுப்பது கிறிஸ்தவம் அல்ல. பசித்த மக்களை வெறுங்கையோடு அனுப்பிவிடச் சீடர் நினைத்தபோது, நீங்களே அவர்களுக்கு உணவளியுங்கள் என்றுதான் இயேசு பணித்தார்.

ஆனாலும் வன்னியில் பல முறை பெயர்ந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்நீரேரி கடந்து வந்தவர்களும், 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்களும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை சென்று மெனிக் பாம் கம்பிவேலிக்குள் வந்து சேர்ந்தவர்களும் எம்மிடையே உள்ளனர். வீடு திரும்பி, கிணறு இறைத்து, இரண்டு போகம் விதைத்த பின்பும் இரவில் நித்திரை வராதோர் பலர். தறப்பாளும் தகரமும் ஆறுமாதத்தில் கிடைத்துவிடலாம். உடைந்த மனத்துக்கு நாட்கணக்கு வேறு. அந்த இடத்தில் திருவிவிலியத் தியானம் உதவும் என்பதே எமது கருத்து. எப்படி உதவும், எங்கே தவறாகப் பயன்படும் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறோம்.

முதலில், தியானம் என்றால் மனத்தை வெறுமையாக்குவது என்று பலர் எண்ணுகின்றனர். திருவிவிலியம் சொல்லும் தியானம் அதுவன்று. முதலாம் திருப்பாடலில் இரவும் பகலும் தியானிப்பவனைப் பற்றிச் சொல்லுமிடத்தில் வரும் எபிரேயச் சொல் 'ஹாகா' என்பது. வாய்க்குள் முணுமுணுப்பது என்பது அதன் பொருள். எசாயாவின் நூலில் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும், புறா அனுங்குவதற்கும் இதே சொல்தான் வருகிறது. ஆகவே உறுமலும் அனுங்கலும்கூடத் தியானத்துக்குள் அடங்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லி அழுதால் அவள் தியானிக்கிறாள். பழைய துறவிகள் இதனை மாடு அசைபோடுவதற்கு ஒப்பிட்டனர். எமது கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பகலில் அவசரமாக மேய்ந்ததை மாடு மரநிழலில் படுத்து ஆறுதலாக மீண்டும் மென்று, அதிலிருந்தே பாலைச் சுரக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் காதில் விழுந்ததும் அப்படி மெல்லப்பட வேண்டும்.

இரண்டாவதாக, இந்த நூலில் பெரும்பங்கு இடம்பெயர்ந்தவர்களின் நூல். கி.மு. 597இல் யெருசலேமிலிருந்து முதற்தொகுதி மக்கள் பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அப்போது அனனியா என்ற ஒருவன், இரண்டே ஆண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்று ஆண்டவர் பெயரால் சொன்னான். முகாமில் இருந்தவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. "அடுத்த மாதம் விடுகிறார்களாம்" என்று யாராவது சொல்ல, மூட்டை கட்டி வைத்துக் காத்திருந்த நாட்கள் எத்தனை! எரேமியா அப்படிச் சொல்லவில்லை. நாடு கடத்தப்பட்டவர்களுக்கு அவர் எழுதிய கடிதம் (29ஆம் அதிகாரம்) கசப்பானது. இது எழுபது ஆண்டுக் காரியம், ஆகவே இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், அந்த ஊரின் நலனுக்காகவும் மன்றாடுங்கள் என்று எழுதினார்.

இதை மட்டும் படித்தால், பழைய காணியை மறந்துவிட்டுக் கொடுத்த இடத்தில் இருங்கள் என்று சொல்வது போலத் தோன்றும். அதனால்தான் 32ஆம் அதிகாரத்தையும் சேர்த்துத் தியானிக்க வேண்டும். பாபிலோன் படை நகரைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த வேளையில் அனாத்தோத்தில் இருந்த தமது உறவினரின் வயலைப் பதினேழு வெள்ளிச் செக்கேல் கொடுத்து வாங்குகிறார். சாட்சி வைத்து உறுதி எழுதி, நெடுநாள் பழுதுபடாமல் இருக்க மண்சாடியில் இட்டு வைக்கச் சொல்கிறார். எதிரியின் காலடியில் கிடக்கும் வயலுக்கு உறுதி எதற்கு? அந்த மண்ணில் மீண்டும் வீடும் வயலும் கைமாறும் காலம் வரும் என்ற நம்பிக்கைதான். இருக்கும் இடத்தில் நடு, ஆனால் உறுதியைக் கைவிடாதே: இவ்விரண்டையும் ஒரே மனிதர்தான் சொன்னார்.

மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள் தம் சொந்த நிலத்துக்கு அனுப்பப்படவில்லை. அது படையினர் வசம் இருந்தது. மாதிரிக் கிராமத்தில் கத்தரியும் மிளகாயும் நட்டுக்கொண்டே அவர்கள் தம் காணியைக் கேட்டனர். 2017இல் வீதியோரம் மாதக்கணக்கில் இருந்து போராடியபின் ஒரு பகுதி விடப்பட்டது. இது எரேமியாவின் இரண்டு அதிகாரங்களையும் வாழ்ந்து காட்டிய கதை என்றே நாம் கருதுகிறோம்.

இரணைதீவும் அப்படியே. பூநகரிப் பிரிவைச் சேர்ந்த அத்தீவின் கத்தோலிக்க மக்கள் 1992இல் பெயர்ந்து இரணைமாதாநகரில் வாழ்ந்தனர். 2017 மே 1ஆம் திகதி தொடங்கிய போராட்டம் ஏறக்குறைய ஓராண்டாகியும் முடிவு இல்லாதபோது, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தாமே படகுகளில் ஏறித் தீவுக்குச் சென்றனர். தம் பழைய ஆலயத்தில் கூடிச் செபித்தனர், திரும்பாமல் அங்கேயே தங்கினர். இருபத்தாறு ஆண்டுகள் ஒரு மண்ணை மனத்தில் வைத்திருக்க வெறும் கோபம் போதாது. கோபம் ஆறிவிடும் அல்லது ஆளைத் தின்றுவிடும். செபித்தவர்கள் சோர்ந்து வீட்டில் இருந்துவிடவில்லை என்பதற்கு அந்தப் படகுகள் சாட்சி.

எச்சரிக்கைகளும் உண்டு. போர் எமது பாவத்துக்கான தண்டனை என்று சிலர் போதிக்கின்றனர். பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, இவனுமல்ல இவன் பெற்றோருமல்ல என்று இயேசு மறுத்தார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு மண்ணில் இருந்தவரை நல்லவர்களாக இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பின்புதான் கெட்டார்கள். ஆறுதல் சொல்லப் போகும் எமது பணியாளர் இதை மறக்கலாகாது. அடுத்து, நிவாரணப் பொருளையும் செபக்கூட்டத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது எமக்கு ஏற்புடையதல்ல. அயல்வீட்டுச் சைவக் குடும்பம் தன் தேவாரத்தில் ஆறுதல் காண்கிறதென்றால் அதை மதிப்போம். கடைசியாக, செல் விழுந்த ஓசை இன்னும் காதில் கேட்பவரை, கனவில் அலறுபவரை, அமைதியாக இருந்து தியானி என்று வற்புறுத்தக் கூடாது. தனிமையில் இருக்கும்போது நினைவுகள் கூடுதலாக வரும். அத்தகையோரை மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்வதும் விசுவாசத்தின் செயலே.

இனி, செய்யும் முறை. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த இரண்டாம் கூய்கோ என்ற துறவி இதை நான்கு படிகளாக வகுத்தார்: வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், இறைவனோடு மௌனமாக இருத்தல். மடத்தில் தோன்றிய முறைதான். ஆயினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் திருவிவிலிய வாசிப்பைச் செபத்தோடு சேர்த்து எல்லா விசுவாசிகளுக்கும் உரியதாக்கியது. இரவுச் சாப்பாடு முடிந்து விளக்கு அணைக்குமுன் கால்மணி நேரம் போதும். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை ஒரு சிறு பகுதியை ஆறுதலாக இரண்டு முறை வாசிக்கட்டும். மனத்தில் தட்டிய சொல் எதுவோ அதை ஒவ்வொருவரும் சொல்லட்டும். விளக்கம் வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். அந்தச் சொல் அன்றைய எமது பாட்டோடு எங்கே தொடுகிறது என்று எண்ணிப் பார்ப்போம். உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்வோம். முறைப்பாடு என்றால் முறைப்பாடாகவே சொல்வோம். திருப்பாடல்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை புலம்பல்களே. பிறகு சிறிது நேரம் பேசாமல் இருப்போம். மறுநாள் நாற்று நடும்போதும், வாய்க்காலில் தண்ணீர் திருப்பும்போதும் அதே சொல்லை மெல்லுவோம்.

புத்தகம் இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். வியட்நாமின் ஆயர் பிரான்சிஸ் சேவியர் நுயன் வான் துவான் 1975இல் கைதாகிப் பதின்மூன்று ஆண்டுகள் அடைபட்டிருந்தார். திருவிவிலியம் கையில் இல்லாததால், நினைவில் இருந்த முந்நூறுக்கு மேற்பட்ட வசனங்களைத் துண்டுத் தாள்களில் எழுதி வைத்துத் தியானித்தார். எமது பெற்றோருக்கும் மனப்பாடமான வசனங்கள் பல உண்டு. ஓடும்போது கைவிட வேண்டாத சொத்து அது ஒன்றுதான். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வைப்போம்.

அன்பர்களே, தியானம் நெல்லை விளைவிக்காது. விதைக்கிற கைக்கு நடுக்கம் குறையச் செய்யும். காணியை மீட்டுத் தராது. கந்தோர் வாசலில் பத்தாம் தடவையும் போய் நிற்கிற காலுக்குப் பெலன் தரும். ஆகவே இந்தப் பெரும்போகத்துக்கு முன் எரேமியாவின் 32ஆம் அதிகாரத்தை வீட்டில் எல்லாரும் இருந்து வாசியுங்கள். வாசித்து முடிந்ததும் பெட்டியைத் திறந்து உங்கள் காணி உறுதியையோ பேர்மிட்டையோ எடுத்துப் பாருங்கள். பிரதி எடுத்து ஈரம் படாத இடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எரேமியா மண்சாடி தேடியதும் ஒரு செபமே.