குறைகின்ற நீர் எங்கே போகிறது?



கடற்கரைப் பங்குகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு விசைப்படகின் எஞ்சினே சோறு போடுகிறது. நடுக்கடலில் அது சூடேறி நின்றுவிட்டால், இழப்பு பணத்தோடு முடிவதில்லை. காற்றும் நீரோட்டமும் இழுத்த திசையில் உயிர்களும் அலைக்கழிகின்றன. பல வேளைகளில் இத்தீங்கு திடீரென வருவதன்று. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் நாள்தோறும் சிறிது குறைவதைக் கண்டும், மேலும் கொஞ்சம் ஊற்றிவிட்டுத் தொழிலுக்குப் போவதன் விளைவே அது. அடைபட்ட சுற்றில் ஓடும் நீர் அவ்வாறு நாளும் குறையாது. குறைந்தால் எங்கோ கசிவு உண்டு. ஊற்றியதோடு நில்லாமல் தேடுங்கள் என்பதே இம்மாதம் நாம் சொல்ல விழைவது.

பல விசைப்படகுகளில் இருவகை நீர் ஓடுகிறது. கூலன்ட் கலந்த நன்னீர் எஞ்சினுக்குள் சுற்றிச் சூட்டை வாங்குகிறது. கடல்நீர் அச்சூட்டை ஏற்றுக்கொண்டு வெளியேறுகிறது. இவ்விரண்டையும் பிரித்து நிற்பவை வெப்பமாற்றியில் உள்ள மெல்லிய குழாய்கள்.

தேடுமுன் எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூடாக உள்ளபோது நீர்த்தொட்டியின் மூடியைத் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியே ஆவியாகச் சீறி முகத்தையும் கண்ணையும் வேகவைத்துவிடும்.

ஆறியபின் குறியளவுக்கு நீர் நிரப்பி, எஞ்சினைத் துணியால் ஈரமறத் துடையுங்கள். அடியில் காய்ந்த அட்டையை விரித்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். ரப்பர் குழாய்களின் முனைகளிலும் கிளிப்புகளிலும் ஈரமோ, உலர்ந்த வெள்ளைப் படிவோ, கூலன்டின் நிறமோ தெரிந்தால் கசிவு அங்கேதான். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டபின் குழாயை அழுத்திப் பாருங்கள். உப்பியோ வெடித்தோ இருந்தால் புதிது போடுங்கள். கிளிப்புகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

தண்ணீர் பம்பின் அடியில் சிறு துளையொன்று உண்டு. அதில் சொட்டினால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். சிலர் அத்துளையை அடைத்துவிடுகின்றனர். அது பெருந்தவறு, வெளியேற வழியற்ற நீர் பேரிங்கில் புகுந்து பம்பையே கெடுக்கும். சீலை மாற்றுவதே முறை.

வெளியே ஒரு சொட்டும் காணாமல் நீர் குறைகின்றதா? எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் அதில் கலந்துள்ளது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாமல் வந்தாலோ, தொட்டியில் குமிழிகள் எழுந்தாலோ, ஹெட் கேஸ்கெட்டில் ஐயம் கொள்ளுங்கள். இவை தேர்ந்த மெக்கானிக் செய்யவேண்டிய வேலை. இவ்வறிகுறிகளும் இல்லையெனில் வெப்பமாற்றியைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்யுங்கள். அதன் குழாய் அரித்திருந்தால் நன்னீர் கடல்நீரோடு ஓசையின்றி வெளியேறிவிடும். அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகத் தண்டு அதில் இருந்தால், பாதி கரைந்தவுடனே மாற்றுங்கள்.

கசிவை அடைக்கும் மருந்துகள் அவசரத்துக்கே உதவும். நாளடைவில் குறுகிய குழாய்களையும் அவை அடைத்துவிடக்கூடும். கடலில் எஞ்சின் கொதித்தால் உடனே குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள்; வார்ப்பிரும்பு வெடிக்கும். நிறுத்தி ஆறவிடுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். கூலன்ட் இனிப்புச் சுவையுடையது. ஆயினும் பலவகைக் கூலன்ட் கொடிய நஞ்சு. குளிர்பானப் புட்டிகளில் அதை ஊற்றி வைக்காதீர்கள். சிந்தியதைக் கழுவிவிடுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் உள்ள மீன்பிடித் தடைக்காலம் இத்தேடலுக்கு ஏற்ற காலம். யாகப்பரும் அருளப்பரும் தந்தையோடு படகில் வலைகளைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்தபோதே ஆண்டவர் அவர்களை அழைத்தார். பழுதுபார்ப்பதும் புனிதமான உழைப்பே. படகில் ஏறும் ஒவ்வொருவருக்காகவும் கரையில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்பதை நினைத்து, அவ்வுழைப்பைச் செவ்வனே செய்வோமாக.