மருந்துச்சீட்டில் வரைய வேண்டிய கோடு

கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாமல் படுத்துவிட்ட மாட்டின் காணொளி வாட்ஸ்அப்பில் வந்து சேர்வது கால்நடை மருத்துவர்களான நம்மில் பலருக்கு அன்றாடமாகிவிட்டது. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக் கிடக்கிறது, காது சில்லிட்டிருக்கிறது என்கிறார் மாட்டுக்காரர். பால் காய்ச்சல் என்றே மனம் சொல்லும். ஆனால் மடிநோயின் நச்சு உடலெங்கும் பரவிய மாடும் ஏறக்குறைய இப்படித்தான் கிடக்கும். மடியைப் பீய்ச்சிப் பார்க்காமல், இதயத் துடிப்பைக் கேட்காமல் கால்சியத்தை நரம்பில் ஏற்றச் சொன்னால் முதல் மாடு எழுந்து நின்றுவிடும். இரண்டாவது, மருந்து ஏறும்போதே இறந்துபோகலாம். எவ்வளவு துல்லியமான கேமராவும் இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே தொலைமருத்துவத்தின் எல்லையைப் படத்தின் தெளிவைக் கொண்டு வகுக்கக் கூடாது. எந்த மருந்துக்கு நேரடிப் பரிசோதனை இன்றியமையாதது என்பதே அளவுகோலாக வேண்டும். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது ஆன்டிபயாடிக்.

பிற நாடுகளும் தாராளம் காட்டத் தொடங்கிய பிறகு இந்த இடத்தில்தான் நின்றிருக்கின்றன. பிரிட்டனில் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்நெறி, நேரில் பார்க்காத விலங்குக்கும் சிகிச்சைப் பொறுப்பேற்க இடம் தருகிறது. ஆன்டிபயாடிக் எழுத, விதிவிலக்கான சூழல் தவிர, உடற்பரிசோதனையைக் கோருகிறது. 2024 ஜனவரி முதல் காணொளி வழியே மருத்துவ உறவைத் தொடங்க அனுமதிக்கும் கலிபோர்னியாவும் அவ்வகை மருந்துகளை 14 நாட்களுக்கு மேல் எழுத விடுவதில்லை. கறவை மாட்டின் பால் மறுநாளே சொசைட்டிக்குப் போகும் நம் ஊரில் அந்த 14 நாளும் அதிகம். நாம் எழுதும் மருந்து அந்த மாட்டோடு முடிவதில்லை. 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது, அம்மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளின் அழிவைக் கண்ட பிறகுதான்.

மருத்துவரே எட்டாத ஊரில் இப்படிக் கோடு போட்டால், மாட்டுக்காரர் மருந்துக்கடையில் தாமே ஊசி வாங்கிப் போட்டுக்கொள்வார் என்ற மறுப்பு வலுவானது. அவர் அப்படிச் செய்வது உண்மை. ஆனால் பார்க்காமல் நாம் எழுதிக் கொடுப்பதால் அந்த ஊகம் நோயறிதல் ஆகிவிடாது. அதில் நம் கையெழுத்து ஏறும், அவ்வளவே. தொலைபேசியின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்கு வரும் அழைப்புகளில் தோல் அரிப்புக்கு முன்னால் வயிறு உப்பிய மாட்டுக்கு வண்டியை அனுப்புவது தொலைவிலிருந்தே எடுக்கக்கூடிய, உயிர் காக்கும் முடிவு. திடீரென இறந்து மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசியும் மாடு என்றால் அடைப்பான் ஐயம். "அறுக்காதீர்கள், தோல் உரிக்காதீர்கள்" என்ற அறிவுரைக்கு மருந்துச்சீட்டே தேவையில்லை. நேரில் பார்த்துத் தொடங்கிய சிகிச்சையைக் காணொளியில் தொடர்வதிலும் தவறில்லை. வெள்ளத்தில் வழி அடைபட்டால், கால்நடை ஆய்வாளர் வெப்பமும் மடியும் பார்த்துச் சொல்ல, வண்டி போய்ச் சேரும்வரைக்கான முதல் ஊசிக்கும் விலக்குத் தரலாம்.

இதற்கு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த அழைப்பிலிருந்தே, தொலைவில் சொன்ன ஒவ்வொரு ஆலோசனையையும் நோயாளிப் பதிவேட்டில் எழுதுங்கள்; எதை நேரில் பரிசோதிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.