ப்ராஜெக்ட் பாஸ், செடி ஃபெயில்

போன வருஷம் மினி ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் எடுத்த தலைப்பு உங்களுக்குப் புதுசா இருக்காது. எல்லா பேட்ச்லயும் ரெண்டு டீமாவது எடுக்கும் 'ஸ்மார்ட் இரிகேஷன்'தான். ஓர் ஆர்டுயினோ, மண் ஈரப்பத சென்சார், ரிலே, குட்டி பம்ப். டெமோவுக்கு ஒரு செடி வேணுமேன்னு நர்சரியில் ஓர் எலுமிச்சைக் கன்று வாங்கினோம்.

வைவா நல்லா போச்சு. மார்க்கும் நல்லா வந்தது. வைவா நடந்த அன்னைக்கே செடியில் பாதி இலை மஞ்சள். யாரும் அதைப் பத்திக் கேட்கல. நாங்களும் சொல்லல.

லீவுக்குத் தொட்டியோட ஊருக்குப் போனேன். எங்க ஊர் புளியங்குடி பக்கம். எலுமிச்சைக்கே பேர்போன இடம். ஆச்சி தொட்டியைத் தூக்கிப் பார்த்தாங்க, மண்ணுக்குள்ள விரலை விட்டாங்க, மோந்து பார்த்தாங்க. "ஏல, வேரு அழுகிப் போச்சு. நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள நின்னா உன் காலு என்னல ஆகும்?"

விஷயம் இதுதான். லேப் தரை நனையக் கூடாதுன்னு தொட்டியின் ஓட்டையை எம்சீல் வச்சு அடைச்சிருந்தோம். சென்சார் மேல்மண்ணில் மட்டும் இருந்தது. ஃபேன் காத்தில் மேல்மண் காய்ஞ்சதும் பம்ப் ஓடும். அடியில் தண்ணி தேங்கும். போகப் போக சென்சாரின் கம்பியும் அரிச்சுப் போய், ஈரமான மண்ணையே 'காய்ஞ்சிருக்கு'ன்னு காட்டியிருக்கு. இலை வாடினதும் நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? இன்னும் தண்ணி விடுற மாதிரி கோடை மாத்தினோம். வேர் அழுகினாலும் இலை வாடும் என்பது எங்க நாலு பேருக்கும் தெரியாது.

சென்சாரே வேண்டாம்னு நான் சொல்லல. நூறு ஏக்கர் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஆச்சி விரல் வைக்க முடியாது. ஆனா ஒரு செடியைக்கூட வளர்க்காதவன், விவசாயிக்குத் தீர்வு கண்டுபிடிச்சதா ரிப்போர்ட்டில் எழுதலாமா? நாங்க எழுதினோம். முன்னுரையிலேயே எழுதினோம்.

அதனால ரெண்டு விஷயம் கேட்கிறேன். ஒண்ணு, டிபார்ட்மென்ட்டுக்கு: செடி சம்பந்தப்பட்ட ப்ராஜெக்ட்னா, கடைசி ரிவ்யூவில் 'செடி உயிரோட இருக்கா?'ன்னு ஒரு வரி சேருங்க. அதுக்கும் மார்க் போடுங்க.

ரெண்டாவது, உங்களுக்கு: ப்ராஜெக்ட் தொடங்குறதுக்கு முன்னாடியே ஓர் எலுமிச்சையைக் கையால வளர்த்துப் பாருங்க. விதை போட்டா காய்க்கப் பல வருஷம் ஆகும், அதுக்குள்ள நீங்க பாஸ் அவுட். பதியன் கன்று வாங்கினா சீக்கிரம் காய்க்கும். அடியில் ஓட்டை உள்ள பெரிய தொட்டி, செம்மண், மணல், மக்கின எரு. தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படணும். விரல் விட்டுப் பாருங்க; ரெண்டு இஞ்ச் ஆழத்தில் ஈரம் இருந்தா தண்ணி வேண்டாம். தளிரில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தா உத்துப் பாருங்க, அது பட்டாம்பூச்சிப் புழுவா இருக்கலாம். விட்டா ஒரே வாரத்தில் தளிரைக் காலி பண்ணிடும். எங்க டேட்டாஷீட்டில் இது எதுவும் இல்லை.

ஆச்சி கொடுத்த பதியன் இப்போ எங்க வீட்டு மொட்டை மாடியில் நிக்குது. எட்டு மாசம் ஆச்சு. இன்னும் பூக்கல. வாரக் கடைசியில் போன் பண்ணும்போது ஆச்சி முதல்ல என் பிளேஸ்மென்ட்டைக் கேட்பாங்க, நான் முதல்ல செடியைக் கேட்பேன். ஜூனில் எனக்கு வேலை வெளியூரில். அதுக்கு அப்புறம் தண்ணி ஊத்தப் போறது ஆச்சிதான்.

அந்தப் பழைய ஆர்டுயினோ இன்னும் என் பெட்டியில் இருக்கு. ஆச்சிக்கு மாடிப்படி ஏற முடியாத நாள் வந்தா, அதை ஒழுங்கா செஞ்சு கொடுக்கணும். இந்தத் தடவை ஓட்டையை அடைக்க மாட்டேன்.