தபாலில் போட்ட ஓட்டு செல்லாமல் போகலாமா?

பூந்தமல்லிக்காரர்களுக்கு 2019-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி நினைவிருக்கும். அன்று ஓட்டுச்சாவடிக்குப் போனவர்கள் ஒரு ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பவில்லை. இரண்டு ஓட்டுப் போட்டார்கள்.

ஒன்று, பாராளுமன்றத்துக்கு. பூந்தமல்லி, திருவள்ளூர் பாராளுமன்றத் தொகுதியில் அடங்கியது.

இன்னொன்று, சட்டசபைக்கு. 2017-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் 18 எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்தார்கள். அதில் பூந்தமல்லி எம்.எல்.ஏ.வும் ஒருவர். அந்த 18 தொகுதிகளில் பூந்தமல்லி உள்பட 16 தொகுதிகளுக்குப் பாராளுமன்றத் தேர்தலோடு சேர்த்தே அன்று இடைத்தேர்தல் நடந்தது.

பக்கத்திலேயே ஆவடி. அதுவும் திருவள்ளூர் பாராளுமன்றத் தொகுதிதான். ஆனால் அங்கே ஒரு ஓட்டு. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பாராளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. அங்கேயும் ஒரு ஓட்டு. பூந்தமல்லிக்கு மட்டும் இரண்டு.

ஓட்டுச்சாவடியில் இதனால் பெரிய குழப்பம் இல்லை. இரண்டு எந்திரம் இருக்கும். முதலில் இதில் ஒரு பொத்தான், பிறகு அதில் ஒரு பொத்தான். சந்தேகம் வந்தால் கேட்க அதிகாரி பக்கத்திலேயே இருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடச் சிரமம் இல்லாமல் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்.

ஆனால், தபாலில் ஓட்டுப் போடுகிறவர்? அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்?

யாருக்குத் தபால் ஓட்டு?

தபால் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. ராணுவத்தில் இருப்பவர்கள், மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் இருப்பவர்கள், வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் மாநில ஆயுதப் போலீசார், வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகங்களில் வேலை பார்ப்பவர்கள் ஆகியோருக்கு உண்டு. தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்களுக்கும், அரசு ஊழியர்களுக்கும், போலீசாருக்கும் உண்டு. 85 வயது தாண்டிய முதியவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் விண்ணப்பம் கொடுத்தால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். தேர்தல் ஊழியர்களே வீட்டுக்கு வந்து சீட்டைக் கொடுத்து வாங்கிப் போவார்கள்.

சென்னையின் மேற்குப் பக்கத்துக்கு இது மிகவும் வேண்டிய விஷயம். ஆவடி என்றாலே ராணுவம்தான் நினைவுக்கு வரும். டாங்கி செய்யும் தொழிற்சாலை 1961-ல் அங்கே தொடங்கியது. விமானப்படை நிலையம் இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாம் இருக்கிறது. பையனையோ, மருமகனையோ எல்லைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு.

ராணுவ வீரரின் பெயர் வழக்கமாகச் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கும். அதனால் பூந்தமல்லியில் பிறந்தவர் காஷ்மீரில் இருந்தாலும் அவருடைய ஓட்டு பூந்தமல்லிக்குத்தான்.

முன்பெல்லாம் ஓட்டுச்சீட்டு தபாலில் போய்ச் சேருவதற்குள் தேர்தலே முடிந்துவிடும் என்று வீரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இப்போது சீட்டைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்புகிறார்கள். 2016-ல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் இந்த முறையை முதன் முதலில் செய்து பார்த்தார்கள். முகாமில் அச்செடுத்து, ஓட்டுப் போட்டு, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். போகும் பாதி வழி சுருங்கிவிட்டது. நல்ல காரியம்.

இரண்டு ஓட்டுக்கு எட்டுக் காகிதம்

ஆனால் சீட்டு கைக்கு வந்தபிறகு செய்ய வேண்டிய வேலை குறையவில்லை. அது என்ன வேலை?

ஓட்டுச்சீட்டில் குறியிட வேண்டும். அதைச் சிறிய உறையில் போட்டு ஒட்ட வேண்டும். 'இந்தச் சீட்டு எனக்கு வந்ததுதான்' என்று ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு, அதற்குரிய அதிகாரி ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு சிறிய உறையையும், உறுதிமொழித் தாளையும் பெரிய உறையில் வைத்து அனுப்ப வேண்டும். ஓட்டு எண்ணத் தொடங்கும் நேரத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

ஒரு தேர்தல் என்றால் நான்கு காகிதம். இரண்டு தேர்தல் ஒன்றாக வந்தால்? இரண்டு சீட்டு, இரண்டு உறுதிமொழித் தாள், இரண்டு சிறிய உறை, இரண்டு பெரிய உறை. ஆக எட்டு!

இதில் எங்கே தவறினாலும் ஓட்டுப் போச்சு. உறுதிமொழித் தாளைச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டால் செல்லாது. சாட்சிக் கையெழுத்து இல்லையென்றால் செல்லாது. உறுதிமொழித் தாளில் எழுதிய சீட்டு எண்ணும், சிறிய உறையில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால் செல்லாது. இந்தச் சீட்டோடு வந்த உறையை அந்தச் சீட்டுக்குப் போட்டு மாற்றிவிட்டாலும் செல்லாது.

ஒரு சீட்டு மட்டும் வரும்போது உறை மாறுவதற்கு வழியே இல்லை. இரண்டு சீட்டு வரும்போதுதான் அந்த ஆபத்து வருகிறது.

தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பூந்தமல்லியில் ஓட்டு உள்ள ஓர் ஆசிரியை 2019-ல் ஆவடிச் சாவடிக்கு வேலைக்குப் போனார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரும் ஒரே பாராளுமன்றத் தொகுதி. ஆகவே, பாராளுமன்ற ஓட்டை அவர் வேலை பார்க்கும் சாவடியிலேயே சான்றிதழ் காட்டி எந்திரத்தில் போடலாம். ஆனால் அவருடைய சட்டசபைத் தொகுதி வேறு. அந்த ஓட்டுக்குத் தபால் சீட்டுத்தான் கதி. ஒரே ஆள், ஒரே தேர்தல் நாள். ஒரு ஓட்டுக்கு ஒரு வழி, மற்ற ஓட்டுக்கு வேறு வழி! படித்தவரே தடுமாறக்கூடிய இடம் இது.

ராதாபுரத்தில் நடந்தது

'தபால் ஓட்டு எத்தனை இருக்கப்போகிறது? அதில் நாலு செல்லாமல் போனால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ராதாபுரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2016 சட்டசபைத் தேர்தலில் அந்தத் தொகுதியில் இன்பதுரை வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அப்பாவு தோற்றார். ஓட்டு வித்தியாசம் 49. அந்தத் தேர்தலில் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203!

அவை ஏன் தள்ளப்பட்டன? நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் அதற்குரிய அதிகாரிகள் அல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்குச் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. அந்தத் தபால் ஓட்டுகளையும், கடைசி மூன்று சுற்று ஓட்டுகளையும் மறுபடி எண்ண வேண்டும் என்று 2019 அக்டோபரில் கோர்ட்டு உத்தரவிட்டது. எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. வழக்கு நீண்டது. 2021-ல் அடுத்த பொதுத்தேர்தலே வந்துவிட்டது.

யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த 203 பேரும் ஓட்டுப் போட்டவர்கள். அவர்கள் கள்ள ஓட்டுப் போட்டதாக யாரும் சொல்லவில்லை. யாரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. அதைத் தீர்ப்பதற்குள் மூன்று ஆண்டு ஓடிவிட்டது.

இன்னொரு கொடுமையும் உண்டு. தன் ஓட்டு தள்ளப்பட்டது ஓட்டுப் போட்டவருக்கே தெரியாது. எல்லையில் இருக்கும் வீரர் தன் கடமையைச் செய்துவிட்டதாக நிம்மதியாக இருப்பார். இங்கே அவருடைய உறை பிரிக்காமலே ஒரு மூலையில் கிடக்கும்.

கேள்வியும் தேர்தலும் ஒன்றாக வந்தால்

சில நாடுகளில் தேர்தலோடு சர்வஜன வாக்கெடுப்பும் சேர்ந்து வரும். ஆளைத் தேர்ந்தெடுப்பது தேர்தல். 'இது வேண்டுமா, வேண்டாமா?' என்று மக்களைக் கேட்பது வாக்கெடுப்பு. நம் நாட்டில் 1967 ஜனவரி 16-ந் தேதி கோவாவில் அப்படி ஒன்று நடந்தது. மராட்டியத்தோடு சேரலாமா, தனியாக இருக்கலாமா என்று கேட்டார்கள். தனியாக இருப்போம் என்ற பக்கம் 34,021 ஓட்டு அதிகம் விழுந்தது. ஆனால் அன்று கோவாவில் வேறு தேர்தல் இல்லை.

பிரிட்டனில் 2011 மே 5-ந் தேதி இரண்டும் சேர்ந்து வந்தன. ஓட்டு முறையை மாற்றலாமா என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு. அதே நாளில் இங்கிலாந்தின் பல ஊர்களில் உள்ளூராட்சித் தேர்தல். அங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் தபால் ஓட்டு உண்டு. இரண்டு சீட்டையும் சேர்த்து ஒரே கட்டாக அனுப்பச் சட்டம் இடம் கொடுத்தது. சாட்சிக் கையெழுத்துக்கு அதிகாரியைத் தேடி அலைய வேண்டாம். ஓட்டாளர் தன் பிறந்த தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். முன்பே அவர் கொடுத்து வைத்ததோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

என்ன செய்யலாம்?

இதை இப்போது யோசிக்க வேண்டிய காரணம் உண்டு. பாராளுமன்றத்துக்கும் சட்டசபைகளுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான மசோதா 2024 டிசம்பர் 17-ந் தேதி பாராளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. பிறகு கூட்டுக் குழுவின் பரிசீலனைக்குப் போனது. அது வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பற்றிப் பல கட்சிகளும் பேசுகின்றன. தபால் ஓட்டைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 2019-ல் பூந்தமல்லி பார்த்தது நாடு முழுவதும் வருமானால், இந்த எட்டுக் காகிதமும் எல்லா முகாம்களுக்கும் போகும்.

ஆகவே, இரண்டு தேர்தலுக்கும் சேர்த்து ஓர் உறுதிமொழித் தாள், ஒரு பெரிய உறை என்று விதியை மாற்ற வேண்டும். உள்ளே சிறிய உறைகள் மட்டும் இரண்டு இருக்கட்டும். அவை வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். யார் யார் சாட்சிக் கையெழுத்துப் போடலாம் என்பதை உறுதிமொழித் தாளின் தலைப்பிலேயே, ஓட்டாளரின் தாய்மொழியில் அச்சடிக்க வேண்டும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். பாராளுமன்றத் தொகுதிக்குத் தேர்தல் அதிகாரி ஒருவர், பெரும்பாலும் கலெக்டர். சட்டசபைத் தொகுதிக்கு அதிகாரி வேறு. உறை ஒன்றானால் யார் பிரிப்பது? பிரிக்கும்போது திருட்டு நடக்காதா?

கேட்க வேண்டிய கேள்விதான். வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் முன்னிலையில் பெரிய உறையைப் பிரித்து, சிறிய உறைகளை நிறம் பார்த்து இரண்டு பெட்டியில் போடலாம். சிறிய உறை ஒட்டியபடியே இருக்கும். ரகசியம் எங்கேயும் போகாது. அதிகாரிகளுக்கு வேலை கொஞ்சம் கூடும். அது உண்மை. ஆனால் அந்த வேலையை எல்லையில் இருக்கும் வீரர் தலையில் ஏற்றுவதைவிட, கலெக்டர் அலுவலகம் ஏற்றுக்கொள்வதே முறை.

சாட்சிக் கையெழுத்தும் ஒரு பாதுகாப்புத்தான். ஒருவருக்கு வந்த சீட்டில் இன்னொருவர் ஓட்டுப் போட்டுவிடக் கூடாதே! அதை அடியோடு எடுத்துவிட வேண்டாம். அது எளிதாகக் கிடைக்கும்படி செய்தால் போதும்.

அதற்கு வழி இருக்கிறது என்பது ஏற்கனவே தெரிந்துவிட்டது. 2023-ல் தேர்தல் விதியைத் திருத்தினார்கள். தேர்தல் வேலைக்குப் போகிறவர்கள் தபால் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதற்கென்று உள்ள மையத்திலேயே வாங்கி, அங்கேயே ஓட்டுப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போடும் அதிகாரியும் அங்கேயே இருப்பார். ராதாபுரத்தில் வந்த தொல்லைக்கு இது நல்ல மருந்து. அதே மருந்தை ஒவ்வொரு ராணுவ முகாமுக்கும் கொடுக்கலாம். ஒரு நாள், ஓர் அறை, ஓர் அதிகாரி. அது போதும்.

அதுவரை குடும்பத்தாரும் ஒன்று செய்யலாம். வெளியூரில் இருக்கும் மகனிடம் பேசும்போது, 'சாப்பிட்டாயா?' என்று கேட்பதோடு, 'சீட்டு வந்ததா? அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினாயா? உறுதிமொழித் தாளைப் பெரிய உறையில்தானே வைத்தாய்?' என்றும் கேட்கலாம்.

ஒரு தாய் அதைக் கேட்டு ஓர் ஓட்டைக் காப்பாற்றலாம். எல்லா ஓட்டையும் காப்பாற்ற வேண்டியது சர்க்காரின் பொறுப்பு.