மாத்திரைக்கு முன்னே கேள்வி

அன்னூரிலிருந்தோ காங்கயத்திலிருந்தோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற ஒரு நடுத்தர வயதுப் பெண், தனக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கத் தன் உபாதையைச் சொல்ல நேரும்போது, பெரும்பாலும் "சூடு புடிச்சுக்கிச்சுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். அந்தச் சொற்களுக்குள் நீர்க்கடுப்பு இருக்கலாம், வெள்ளைப்படுதல் இருக்கலாம், பிள்ளைப்பேற்றுக்குப் பின் வருஷக்கணக்காக மறைத்துவந்த கருப்பை இறக்கம் இருக்கலாம், மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் மறுபடி தென்பட்ட உதிரமும் இருக்கலாம். முதலாவது சில நாள் மருந்தில் தீரக்கூடியது; கடைசியிற் சொன்னதோ, புற்று தொடங்கியிருக்கிறதா என்று தாமதமின்றிப் பார்த்தாக வேண்டிய அடையாளம். இவற்றைப் பிரித்தறிகிற முதல் சாதனம் செவிலியரின் கேள்வி. அக்கேள்விக்கு உரிய இடத்தையும் அவகாசத்தையும் நம் ஆஸ்பத்திரிகளும் ஆலைகளும் இன்னும் ஒதுக்கித் தரவில்லை என்பதே என் முறையீடு.

நன்கு பயின்ற செவிலியர் ஒருவர் அப்பெண்ணைத் தனியே அழைத்து உட்காரவைத்து, "உள்ளுக்குள்ளே எரியுதுங்களா அம்மிணி, வெளியே தோல்ல பட்டு எரியுதுங்களா?" என்று கேட்கும்போதே, கோளாறு மூத்திரப் பாதையைச் சேர்ந்ததா, பிறப்புறுப்பின் அழற்சியா என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. குளிர்காய்ச்சலும் விலாவுக்குக் கீழே முதுகில் வலியும் உண்டா என்பது சிறுநீரகம் வரை தொற்று ஏறியதா என்பதைக் காட்டும். இருமினால் சேலை நனைகிறதா, கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டது என்றைக்கு, ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்ற வேண்டியிருக்கிறது, தாம்பத்தியத்துக்குப் பின் உதிரம் படுகிறதா என்று இவ்விதமாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிற சம்பாஷணை அது. பெண்ணின் மூத்திரத் தாரை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே ஆனதால் கிருமி எளிதில் மேலேறிவிடுகிறது என்பதையும், பரிசோதனைக்குக் கொடுக்கும் நீரில் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்பதையும் அவளுக்கு விளங்கச் சொல்வதும் அதில் சேர்ந்ததே.

செவிலியரின் கண்ணும் கையும் எவ்வளவு தூரம் செல்லக்கூடியவை என்பதற்குக் கொங்கின் தென்னெல்லையிலேயே ஒரு பெரிய சாட்சியம் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமுதாய சுகாதார மையத்தை நடுவாகக் கொண்டு, 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. அதில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெளுத்த திட்டு தோன்றுகிறதா என்று பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்களே. தேவைப்பட்டவர்களுக்குக் குளிரூட்டி உறையவைக்கும் சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில், அழைக்கப்படாத கிராமங்களைக் காட்டிலும், கருப்பை வாய்ப் புற்று தோன்றுவது கால்பங்கும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்ததாக 2007ஆம் ஆண்டு 'லான்செட்' சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று. அந்தக் கிராமங்களில் தகுதியுடைய 49,311 பெண்களுள் சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். வராமலிருந்த மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டோரைப் பற்றியே நான் அதிகம் யோசிக்கிறேன். சங்கோசமும், வீட்டாரின் அனுமதியும், தோட்டத்து வேலையும் அவர்களில் எத்தனை பேரைத் தடுத்தனவோ! அவர்கள் வீட்டுத் திண்ணை வரை சென்று பேசக்கூடியவர் நர்சம்மா ஒருவரே.

அதே நர்சம்மாளிடம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் ஒரு ஜனத்தொகையையே ஒப்படைத்துவிட்டு, தடுப்பூசிக் கணக்கு, கர்ப்பிணிப் பதிவு என்று பொழுதையெல்லாம் பதிவேடுகளில் கழிக்கும்படி வைத்திருக்கிறோம்.

ஆலைகளின் நிலைமை இதைவிட மனத்தை வருத்துவது. பைக்காரா மின்சாரம் வந்த 1930களிலிருந்து நூற்பாலைகளால் செழித்த நாடு கொங்கு. இன்று ஸ்பின்னிங் மில்களிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்வோரில் பெருந்தொகையினர் இளம்பெண்கள். மாதவிலக்கு வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே கொடுக்கப்பட்டதைத் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் ஏறத்தாழ நூறு பெண்களைக் கண்டு விசாரித்துத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளியிட்டது. வலி எத்தனை மாதமாக, எத்தனை நாள், உதிரம் எவ்வளவு என்று விசாரியாமல் கொடுக்கிற மாத்திரை அன்றைய ஷிப்டைக் காப்பாற்றுமே தவிர, கருப்பைக்கு வெளியே படர்ந்த உட்சவ்வையோ சினைப்பைக் கட்டியையோ கண்டுபிடித்துத் தராது. கழிவறைக்குப் போக சூப்பர்வைசரின் உத்தரவு வேண்டியிருக்கிற இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் செவிலியரோடு கூடிய முதலுதவி அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அந்த அறையில் மாத்திரைக் கணக்கு மட்டும் எழுதப்படுமானால் விதியின் உயிர் எங்கே?

ஆகையால் நான் கேட்பவை சில: உட்புறம் தாழிடக்கூடிய ஓர் அறை, ஒரு பெண்ணுக்குக் கால் மணி நேரம், அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ள ஓர் ஏடு, அதை மேலாளர் பார்க்கக் கூடாதென்ற உத்தரவு, ஏட்டில் எழுதாமல் மாத்திரை இல்லை என்ற கட்டுப்பாடு, அபாயக் குறி தென்பட்டால் அன்றே பெண் மருத்துவரிடம் அனுப்பச் செவிலியருக்கு அதிகாரம். கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்க வேண்டியதை விடுதித் தோழிகள் காதுபடக் கேட்காத பக்குவத்தையும் பயிற்சியிலேயே கற்பிக்க வேண்டும். "சொல்லு கண்ணு, கதவைச் சாத்தியாச்சு" என்று ஒரு செவிலியர் சொல்வதற்கு, முதலில் அங்கே ஒரு கதவு இருந்தாக வேண்டுமல்லவா?