மலைவழிக்கேற்ற வண்டி

சென்ற வாரம் என் பழைய மாணாக்கர் ஒருவர் வீடு தேடி வந்தார். பல மாதங்களாகச் சேர்த்த பணத்திலே ஒரு துவிச்சக்கர வண்டி பூட்டுவித்து, யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லப்போவதாகக் கூறினார். வாங்க வேண்டிய உறுப்புக்களின் பட்டியலும் கையிலிருந்தது. மெல்லிய ரயர், கம்பிகள் குறைந்த சில்லு, பெரிய முன்பற்சில்லு: யாவும் பந்தய வண்டிக்கு உரியவை.

"தம்பி, நீர் கொண்டுபோகும் சுமை எவ்வளவு?" என்றேன். அவர் அதனை எண்ணியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துச் சமதரையில் எவ்வண்டியும் ஓடும். நுவரெலியாவோ 6000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. முன்னே 48 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள வண்டியில், பெடலை ஒரு முறை சுற்றினால் ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நகரவேண்டும். முன்னே 26, பின்னே 34 ஆயின் ஒன்றரை மீற்றருக்குச் சற்றே மேல். வேகம் குறையும், ஆயின் முழங்கால் பிழைக்கும்.

"சேர், சிறிய கியர் வயோதிபருக்கல்லவா?" என்று நகைத்தார்.

இந்நகைப்புப் புதிதன்று. பிரான்ஸ் தேசத்துப் போல் து விவி (1853–1930) என்பார், நெடும் பயணத்துக்குப் பல கியர்கள் வேண்டுமென்று ஓயாது வற்புறுத்தினார். மலைவழிகளில் தாமே ஓட்டியும் காட்டினார். பந்தயக்காரரோ அதனைப் பலவீனர்க்குரியதென இகழ்ந்தனர். 1903 இல் தொடங்கிய தூர் து பிரான்ஸ் போட்டியில், கியர் மாற்றும் கருவி பொதுவாக அனுமதிக்கப்பட்டது 1937 இலேதான்.

அடுத்தது சில்லு. சுமையின் பெரும்பங்கு பின்சில்லிலேயே தங்கும். பெரும்பாலும் முறிவனவும் அதன் கம்பிகளே. ஆகவே 36 கம்பிகளும் அகன்ற ரயரும் வேண்டும். அந்த ரயர் வழியிலுள்ள சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும் அளவினதாயிருத்தல் நன்று. அதே நீளமுள்ள உதிரிக் கம்பிகள் சிலவற்றையும் உடன்கொண்டு செல்க.

பிறேக்கைப் பற்றிக் கூறுமுன் என் முழங்கையிலுள்ள தழும்பைக் காட்டினேன். பேராதனையிற் கற்ற காலத்தில், ஒற்றைக் கியர் வண்டியொன்றைப் புசல்லாவைக்கு அப்பாலும் தள்ளிக்கொண்டே ஏறினேன். இறங்கும்போது தேய்ந்த பிறேக் கட்டைகள் பிடிக்கவில்லை. வீதியோரக் கானில் விழுந்தேன். மறுபுறம் பள்ளத்தாக்கு. நீண்ட இறக்கத்தில் றிம்மைப் பற்றும் பிறேக் மிகச் சூடேறும். அச்சூட்டினால் ரியூப் வெடிப்பதும் உண்டு. புதிய கட்டைகளோடு புறப்பட்டு, இடையிடையே நின்று சூடு தணியவிடுதல் வேண்டும்.

மாணாக்கர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் என் பேனாவை வாங்கிப் பட்டியலில் மூன்று வரிகளை வெட்டினார்.

பிள்ளைகளுக்கு வண்டி வாங்கும் பெற்றோரே, விலையையும் நிறத்தையும் கேட்குமுன், அவர்கள் போகும் வழி யாதென்று கேளுங்கள். உறுப்புக்களைத் தெரிவுசெய்ய வேண்டியது அவ்வழியே.