ஆர் சொன்னது எண்டு கேட்காத எண்

147573952589676412927.

இந்த 21 இலக்கத்தைக் கண்டவுடன பயந்து ஓடிடாதீங்கோ. 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது. இதைப் பற்றி நாங்கள் கதைக்க ஒரு காரணம் இருக்கு. இருநூறு வருசத்துக்கு மேலாக ஒரு பெரிய மனிதரின் பிழை இதற்குள் ஒளிந்திருந்தது.

மாரன் மெர்சென் பிரான்ஸ் நாட்டுத் துறவி. இரண்டின் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போது முதன்மை எண் வரும் எண்டு தேடினவர். வலு 2, 3, 5, 7 என்றால் வருவது 3, 7, 31, 127. எல்லாம் முதன்மை எண்கள். 11க்குப் போனால் 2047; அது 23 × 89. அங்க கவிழ்ந்துபோச்சு! 1644இல் அவர் வெளியிட்ட பட்டியலில், முதன்மை எண் தரும் வலுக்களில் ஒன்றாக 67உம் இருந்தது.

1876இல் எதுவார் லூக்கா அது பிழை என்று நிறுவினார். ஆனால் காரணி ஒன்றைக்கூட அவர் காட்டவில்லை. பூட்டுத் திறபடும் எண்டு தெரியும், திறப்பு கையில இல்லை.

1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். பேச அழைக்கப்பட்ட ஃபிராங்க் நெல்சன் கோல், கரும்பலகையின் ஒரு பக்கம் இந்த எண்ணைக் கணித்து எழுதினார். மறுபக்கம் 193707721ஐயும் 761838257287ஐயும் கையால் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு சொல்லும் பேசாமல் போய் இருந்தார், சபை கைதட்டியது. அந்தக் காரணிகளைத் தேட மூன்று வருச ஞாயிற்றுக்கிழமைகள் போனதாம். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். பெருக்கல் அப்பிடி மெருகேறாது.

எங்களுக்குப் பிடிச்சது இதுதான். தேட வருசங்கள் எடுத்ததைச் சரிபார்க்க ஒரு பின்னேரம் போதும். இணையத்தில் எங்கட இரகசியங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ முறையும் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நிக்குது.

ஆனால் வகுப்பில் நாங்கள் கணிதம் படிச்ச விதம் வேற. சூத்திரத்தைப் பாடமாக்கு, கடந்தகால வினாத்தாளைச் செய், விடையைப் பார். "ஏன் சேர்?" எண்டு கேட்டவன் நேரத்தை வீணாக்கினவன். அந்தப் பழக்கம் வகுப்போட நிக்கேல்ல. ஆர் சொன்னது எண்டு பார்த்துத்தான் இண்டைக்கும் கனவிசயத்தை நம்புறம், போனுக்கு வாற செய்தி உட்பட.

எல்லாத்தையும் நாங்களே சரிபார்க்க ஏலாது, உண்மைதான். ஆனால் "படிமுறையைக் காட்டுங்கோ" எண்டு கேட்க ஏலும். அது மரியாதைக் குறைவு இல்லை. மெர்சென் பெரிய அறிஞர்; அவர் பிழைவிட்டதால் அவர் சின்ன ஆளாகிவிடவில்லை.

ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கோ. பெருக்கிப் பாருங்கோ. எங்களையும் நம்பவேண்டாம்.